கொன்டெய்னர் போனாலும் செட்டிங் போகக்கூடாது: வீட்டுச் சேர்வரில் எதை எங்கே மாற்றுவது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பழைய ஒபிஸ் டெஸ்க்டொப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, டொக்கரில் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புச் சேமிப்பு), பேப்பர்லெஸ் (ஆவணங்கள்), ஜெலிஃபின் (வீடியோ, பாட்டு) மூன்றையும் ஓட்டுகிறார். டொக்கர் என்பது ஒவ்வொரு அப்பையும் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் புரோகிராம். பெரிய வீடியோக்கள் ஏறாததால் நெக்ஸ்ட்கிளவுட் கொன்டெய்னருக்குள் நுழைந்து பி.எச்.பி.யின் அப்லோட் வரம்பைக் கூட்டினார். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. போன கிழமை அப்டேட் செய்ததும் வரம்பு பழைய அளவுக்கே போய்விட்டது. அதே நாள் பேப்பர்லெஸின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லைக் கொம்போஸ் கோப்பில் (எந்தக் கொன்டெய்னர், என்ன செட்டிங்கோடு என்று டொக்கருக்குச் சொல்லும் கோப்பு) மாற்றினார், அதன் பிறகு பேப்பர்லெஸ் எழும்பவே இல்லை. "அண்ணா, எந்தச் செட்டிங்கை எங்கே மாற்றினால் அது நிலைக்கும்? போர்டெய்னரில் செய்தால் சரிவருமா?" என்பது கேள்வி. போர்டெய்னர் என்பது டொக்கரை பிரவுசரிலிருந்து நிர்வகிக்கும் பக்கம்.

தம்பி, இந்த இரண்டு சிக்கலும் வெவ்வேறு போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ஒவ்வொரு செட்டிங்கையும் யார் வாசிக்கிறார், எப்போது வாசிக்கிறார், வாசித்ததை எங்கே எழுதி வைக்கிறார் என்பது தெரியாமல் மாற்றினால் இப்படித்தான் நடக்கும். இந்த மூன்றையும் கேட்டுப் பழகிவிட்டால் எந்த அப்பைக் கொண்டுவந்தாலும் சமாளிக்கலாம்.

முதலில் காணாமல் போன வரம்பு. இமேஜிலிருந்து, அதாவது அப்பின் ஆயத்த வார்ப்பிலிருந்து, கொன்டெய்னரை உருவாக்கும்போது டொக்கர் அதன்மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்றை வைக்கிறது. நீங்கள் எக்செக் கொடுத்து உள்ளே போய் மாற்றியதெல்லாம் அந்த அடுக்கில்தான் பதிந்தது. கொன்டெய்னரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினாலும் அந்த அடுக்கு அப்படியே இருக்கும். அதனால்தான் இரண்டு மாதமாக ஒன்றும் தெரியவில்லை. புதிய இமேஜை இறக்கி 'டொக்கர் கொம்போஸ் அப் -டி' கொடுத்த நேரம் பழைய கொன்டெய்னர் அகற்றப்பட்டு வேறொன்று உருவானது, பழைய அடுக்கும் அதோடு போனது. இது பிழையல்ல. கொன்டெய்னரை எந்த நேரமும் தூக்கி எறிந்து புதிதாக உருவாக்கலாம் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. ஆகவே நிலைக்க வேண்டியது எல்லாம் கொன்டெய்னருக்கு வெளியே இருக்க வேண்டும்.

உங்கள் வரம்புக்கு வழி மிக எளிது. நெக்ஸ்ட்கிளவுட்டின் அதிகாரபூர்வ டொக்கர் இமேஜ் 'பி.எச்.பி. அப்லோட் லிமிட்', 'பி.எச்.பி. மெமரி லிமிட்' என்று இரண்டு சூழல் மாறிகளை (தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் பெயரும் மதிப்பும்) ஏற்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். இரண்டுக்கும் இயல்பு அளவு 512 எம்.பி. கொம்போஸ் கோப்பில் அந்தச் சேர்விஸின் கீழ் உங்களுக்கு வேண்டிய அளவை எழுதிவிட்டால், எத்தனை தரம் அப்டேட் செய்தாலும் அது கூடவே வரும். முன்னால் என்ஜின்எக்ஸை ரிவேர்ஸ் புரொக்சியாக (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி அப்புக்கு அனுப்பும் இடைநிலைச் சேர்வர்) வைத்திருந்தால் அதற்கும் தனி வரம்பு உண்டு, இயல்பில் வெறும் 1 எம்.பி. அதையும் கூட்டாவிட்டால் இங்கே எவ்வளவு போட்டும் பயன் இல்லை.

இங்கே பலர் விடும் தவறு ஒன்று. சூழல் மாறி என்பது தன்னால் எதையும் செய்யாது. கொன்டெய்னருக்குள் இருக்கும் புரோகிராமோ தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டோ அதைத் தேடி வாசித்தால்தான் வேலை செய்யும். யாரும் வாசிக்காத மாறியை எழுதினால் எச்சரிக்கை கூட வராது. பி.யூ.ஐ.டி., பி.ஜி.ஐ.டி. என்ற இரண்டு மாறிகளையும் எல்லாக் கொம்போஸ் கோப்பிலும் ஒட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ்சேர்வர் குழுவின் இமேஜ்கள் அவற்றை வாசித்து, எந்தப் பயனரின் பெயரில் கோப்புகளை எழுதுவது என்று முடிவு செய்யும். உங்கள் பேப்பர்லெஸின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜுக்கு அவற்றின் பொருளே தெரியாது. ஆகவே ஒரு மாறியை எழுதும் முன் அந்த இமேஜின் விளக்கப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவரின் கோப்பில் இருந்தது என்பது போதாது.

சரி, இப்போது கடவுச்சொல். இதில்தான் 'எப்போது வாசிக்கிறார்' என்ற கேள்வி வருகிறது. போஸ்ட்கிரெஸ் இமேஜ் தன் கடவுச்சொல் மாறியை வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் பார்க்கும்: டேட்டா கோப்புறை வெறுமையாக இருக்கும் முதல் தொடக்கத்தில். அப்போது பயனரை உருவாக்கிக் கடவுச்சொல்லை டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கொம்போஸில் எதை எழுதினாலும் அது திரும்பிப் பார்க்காது. ஆனால் பேப்பர்லெஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் பக்கத்து மாறியை வாசிக்கும். நீங்கள் இரண்டு இடத்திலும் புதியதை எழுதினீர்கள்; பேப்பர்லெஸ் புதியதைக் கொண்டுபோய்த் தட்டியது, போஸ்ட்கிரெஸ் பழையதுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பியது.

மாற்றும் முறை இது. போஸ்ட்கிரெஸ் கொன்டெய்னருக்குள் அதன் கட்டளைக் கருவியான பி.எஸ்.கியூ.எல். திறந்து, அந்தப் பயனரின் கடவுச்சொல்லை அங்கே மாற்றுங்கள். பிறகு கொம்போஸில் இரண்டு இடத்திலும் அதையே எழுதி 'அப் -டி' கொடுங்கள். இந்தச் சிக்கலுக்குத் தேடினால் "வொல்யூமை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கு" என்று சொல்பவர்கள் வருவார்கள் (வொல்யூம் என்பது கொன்டெய்னருக்கு வெளியே டேட்டா இருக்கும் இடம்). தயவுசெய்து செய்யாதீர்கள். 'டொக்கர் கொம்போஸ் டவுன்' கட்டளையோடு '-வி' சேர்த்தால் பெயரிட்ட வொல்யூம்கள் எல்லாம் அழியும். கடவுச்சொல் பிரச்சினை தீரும், கூடவே நீங்கள் ஒவ்வொன்றாகப் போட்ட குறிச்சொற்கள், வகைகள், தேடல் பதிவுகள் எல்லாம் போகும்.

ஒரே இமேஜுக்குள்ளேயே இரண்டு வகை மாறிகளும் இருக்கும், அதற்கு நெக்ஸ்ட்கிளவுட் நல்ல உதாரணம். நம்பகமான டொமைன்களைச் சொல்லும் மாறி நிறுவும் நேரத்தில் மட்டும் வாசிக்கப்படும். பின்னர் வீட்டு ஐ.பி. மாறியோ புதிய டொமைன் வாங்கியோ அந்த மாறியைத் திருத்தினால் ஒன்றும் நடக்காது, நெக்ஸ்ட்கிளவுட்டின் 'ஓ.சி.சி.' கட்டளையால் மாற்ற வேண்டும், அல்லது கொன்ஃபிக் கோப்புறையில் உள்ள பி.எச்.பி. கோப்பில் நேரடியாக எழுத வேண்டும். ஆனால் புரொக்சிக்குப் பின்னால் எச்.டி.டி.பி.எஸ். என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் 'ஓவர்ரைட் புரோட்டோகோல்' மாறி அப்படியல்ல. அந்தக் கோப்புறையில் இமேஜ் வைத்திருக்கும் சிறிய பி.எச்.பி. துண்டு ஒன்று சூழலைப் பார்த்தே அதன் மதிப்பை எடுத்துக்கொள்ளும். எனவே கொம்போஸில் மாற்றி 'அப் -டி' கொடுத்தால் உடனே பலிக்கும். அந்தக் கோப்புறையில் '.கொன்ஃபிக்.பி.எச்.பி.' என்று முடியும் உங்கள் சொந்தக் கோப்பையும் வைக்கலாம், நெக்ஸ்ட்கிளவுட் அதையும் சேர்த்து வாசிக்கும். நான் தொலைபேசி எண்ணின் நாட்டுக் குறியீட்டை இலங்கைக்குரிய எல்.கே. என்று வைத்ததும், இன்னும் நாலைந்து விருப்பங்களும் அப்படி ஒரு தனிக் கோப்பில்தான் இருக்கின்றன. எது நான் எழுதியது, எது அப் தானே எழுதியது என்று குழப்பம் வராது.

மூன்றாவது வகை, அப்பின் வெப் பக்கத்தில் மாற்றுவது. ஜெலிஃபின் பெரும்பாலும் இப்படித்தான்: டாஷ்போர்டில் மாற்றியது கொன்ஃபிக் கோப்புறைக்குள் எக்ஸ்.எம்.எல். கோப்புகளாகச் சேரும். அந்தக் கோப்புறையை வெளியே வைத்திருந்தால் போதும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேப்பர்லெஸில் மட்டும் கவனம் தேவை. ஓ.சி.ஆர். (படத்திலிருந்து எழுத்தை வாசிப்பது) சம்பந்தமான செட்டிங்கள் சூழல் மாறியிலும் உண்டு, வெப் பக்கத்தின் கொன்ஃபிகுரேஷன் பகுதியிலும் உண்டு. வெப்பில் ஒன்றை நிரப்பிவிட்டால் அது டேட்டாபேஸில் பதிந்து, சூழல் மாறியை மீறி நிற்கும். பிறகு கொம்போஸில் எத்தனை தரம் மாற்றினாலும் பலன் தெரியாது. ஒரு செட்டிங்குக்கு ஓர் இடம் என்று முடிவு செய்துவிட்டு, மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள்.

பேப்பர்லெஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் நம் வீட்டுக்கு வரும் கடதாசி மூன்று மொழியில் வருகிறது. லைட் பில், தண்ணீர் பில், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம், காணி உறுதி என்று பார்த்தால் பலவற்றில் ஒரே தாளில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். பேப்பர்லெஸ் இயல்பில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும்தான் வைத்திருக்கும். அதனால் பலர் ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டிவிட்டு, தமிழ்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிட்டு விடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. இரண்டு மாறிகள் உண்டு, பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 'லாங்குவேஜஸ்' என்று பன்மையில் முடிவது எந்த மொழிப் பொதிகளை நிறுவ வேண்டும் என்பதற்கு. 'லாங்குவேஜ்' என்று ஒருமையில் முடிவது, வாசிக்கும்போது எவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு. முதலாவதில் தமிழுக்கு டி-ஏ-எம், சிங்களத்துக்கு எஸ்-ஐ-என் என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். இரண்டாவதில் அவற்றோடு ஆங்கிலத்துக்கு இ-என்-ஜி சேர்த்து, இடையில் கூட்டல் குறி போடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் வேலை நடக்காது.

ஏற்கெனவே ஏற்றிய ஆவணங்கள் தாமாகத் திருந்தா. பட்டியலில் அவற்றைத் தெரிவு செய்து 'ரீபுரொசெஸ்' கொடுக்க வேண்டும். மூன்று மொழி வைத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரம் கூடும். பழைய டெஸ்க்டொப்பில் அது நன்றாகவே தெரியும். பகலில் நூறு ஆவணங்களை ஒன்றாகக் கொடுக்காமல் இரவில் விட்டுவிடுங்கள். இன்னொன்று: இந்த மொழிப் பொதிகளைக் கொன்டெய்னர் தொடங்கும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கி, நான் முதலில் சொன்ன அதே மெல்லிய அடுக்கில்தான் நிறுவுகிறது. சும்மா ரீஸ்டார்ட் செய்தால் அவை இருக்கும். கொன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால் மீண்டும் இறக்க வேண்டும். ஆகவே இணையம் இல்லாத வேளையில் அப்டேட் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேர வலயமும் இங்கே நிறையப் பேரைக் குழப்புகிறது. டி.இசட். மாறிக்கு 'ஏசியா/கொலம்போ' என்ற பெயரைத்தான் கொடுக்க வேண்டும். 'யூ.டி.சி.+5:30' என்று எழுதினால் லினக்ஸ் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். அந்தக் குறிமுறையில் கூட்டல் என்றால் மேற்கு. நேரம் பதினொரு மணித்தியாலம் பின்னே போய்விடும். பெயரைக் கொடுப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. இலங்கை நேரம் 1996 இல் இரண்டு தடவை மாறியது, ஐந்தரையிலிருந்து ஆறரை, பிறகு ஆறு. 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் ஐந்தரைக்கு வந்தது. 'ஏசியா/கொலம்போ' என்ற பெயருக்குப் பின்னால் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது. 2003 இல் எடுத்த குடும்பப் படங்களை ஏற்றுபவர்களுக்கு அந்த அரை மணித்தியாலம் கணக்கில் வரும்.

கொம்போஸில் மாறிகளைச் சிறு கோட்டோடு தொடங்கும் பட்டியலாக எழுதும்போது மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். சமன் குறிக்குப் பின்னால் வரும் மேற்கோளும் மதிப்பின் பகுதியாகவே உள்ளே போகும். அப்படி ஒரு வலயத்தை யாருக்கும் தெரியாததால் நேரம் யூ.டி.சி.யாகவே நிற்கும். முக்காற்புள்ளி வைத்து எழுதும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே மேற்கோள் போடலாம். 'யெஸ்', 'நோ', 'ட்ரூ', 'ஃபோல்ஸ்' போன்றவற்றுக்கு அங்கே போடவே வேண்டும். சில சிறிய இமேஜ்களில் நேர வலயத் தரவே இருக்காது. அவற்றுக்கு மாறியைச் சரியாகக் கொடுத்தாலும் பலன் இல்லை.

இனி, டொட் என்வ் (.env) கோப்பு. இதில் இருக்கும் குழப்பம் பெரியது. கொம்போஸ் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோப்பு, கொம்போஸ் கோப்பில் டொலர் குறி போட்ட இடங்களை நிரப்புவதற்கு. அதில் ஒன்றை எழுதினால் அது தானாகக் கொன்டெய்னருக்குள் போகாது. உள்ளே போக வேண்டுமானால் 'என்விரொன்மென்ட்' பகுதியில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், அல்லது 'என்வ் ஃபைல்' என்று குறித்துக் கோப்பையே கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லில் டொலர் குறி இருந்தால் கொம்போஸ் அதை மாறியின் தொடக்கம் என்று எண்ணிவிடும். கொம்போஸ் கோப்பில் அதை இரண்டு டொலராக எழுதுங்கள், என்வ் கோப்பில் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். நான் கடவுச்சொல்லை எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டதாக நீளமாக வைத்துவிடுவேன், இந்தத் தலையிடியே இல்லை.

என்ன எழுதினோம், கடைசியில் டொக்கருக்கு என்ன போனது என்று சந்தேகம் வந்தால் 'டொக்கர் கொம்போஸ் கொன்ஃபிக்' கொடுங்கள். எல்லா மாறிகளையும் நிரப்பி, எல்லாக் கோப்புகளையும் சேர்த்து முடிந்த வடிவத்தைக் காட்டும். அரை நாள் தேடலை அரை நிமிடத்தில் முடிக்கும் கட்டளை இது. ஆனால் கடவுச்சொற்களும் அதில் அப்படியே தெரியும். உதவி கேட்டு எங்காவது ஒட்டும்போது அவற்றை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

அதேபோல முக்கியமானது: கொம்போஸ் கோப்பையோ என்வ் கோப்பையோ மாற்றிவிட்டு 'டொக்கர் கொம்போஸ் ரீஸ்டார்ட்' கொடுத்தால் மாற்றம் வராது. ரீஸ்டார்ட் பழைய கொன்டெய்னரையே, பழைய மாறிகளோடு, நிறுத்தித் தொடக்கும். 'அப் -டி' கொடுத்தால்தான் வித்தியாசத்தைக் கண்டு புதிதாக உருவாக்கும். வெளியிலிருந்து மவுன்ட் செய்த (கொன்டெய்னருக்குள் இணைத்த) கொன்ஃபிக் கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றினால் நேர்மாறு. கொம்போஸ் கோப்பில் ஒன்றும் மாறாததால் 'அப்' சும்மா இருந்துவிடும், அங்கேதான் ரீஸ்டார்ட் வேண்டும்.

மவுன்ட் என்று சொன்னதால் அதையும் பார்த்துவிடுவோம். ஒரு கொன்ஃபிக் கோப்பை மட்டும் தனியாக மவுன்ட் செய்யும்போது, அந்தக் கோப்பு உங்கள் கணினியில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டொக்கர் அதே பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிவிடும், அப் "இது கோப்பல்ல" என்று விழுந்துவிடும். முதலில் அப்பை வெறுமனே ஓட்டி, 'டொக்கர் சி.பி.' மூலம் உள்ளே இருக்கும் மூலக் கோப்பை வெளியே எடுத்து, அதைத் திருத்தி, பிறகு மவுன்ட் செய்யுங்கள். இன்னொரு வலி: பல எடிட்டர்கள் சேமிக்கும்போது புதிய கோப்பை எழுதி, பழையதின் இடத்தில் அதை வைக்கின்றன. கொன்டெய்னர் இன்னும் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும். முடிந்தவரை கோப்பை விட்டுக் கோப்புறையை மவுன்ட் செய்தால் இது வராது. ஆனால் வெறுமையான கோப்புறையை மவுன்ட் செய்தால் இமேஜில் அந்த இடத்தில் இருந்தவை மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயரிட்ட வொல்யூம் என்றால் முதல் தடவை இமேஜில் உள்ளவற்றை டொக்கரே அதற்குள் பிரதி எடுத்துத் தரும்.

பேப்பர்லெஸ், இம்மிச் (படங்களுக்கான அப்) போன்றவற்றுக்கு அந்தத் திட்டங்களே கொம்போஸ் கோப்பு தருகின்றன. அதைத் திருத்தாதீர்கள். அதே கோப்புறையில் 'கொம்போஸ்.ஓவர்ரைட்' (compose.override.yaml) என்று ஒரு கோப்பு வைத்து, உங்கள் மாற்றங்களை மட்டும் அதில் எழுதுங்கள். கொம்போஸ் தானாகவே இரண்டையும் சேர்த்து வாசிக்கும். அவர்கள் புதிய கோப்பு வெளியிட்டால் அதை அப்படியே மாற்றிவிடலாம், உங்கள் வரிகள் தனியே பத்திரமாக இருக்கும். ஒரே ஒரு பொறி போர்ட்டுகளில் (அப்பை அணுகும் வாசல் எண்கள்). சூழல் மாறிகள் பெயர் பார்த்து மாற்றப்படும், ஆனால் போர்ட் பட்டியல் ஒன்றோடொன்று கூட்டப்படும். 8000 ஐ 8010 ஆக்க நினைத்து எழுதினால் இரண்டும் திறந்து நிற்கும். பட்டியலுக்கு முன்னால் ஆச்சரியக்குறியோடு 'ஓவர்ரைட்' (!override) என்ற அடையாளத்தைப் போட்டால்தான் பழையது நீங்கும். கூடவே போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (இதே கணினிக்கு மட்டும்) என்று எழுதிப் பழகுங்கள், புரொக்சி அதே கணினியில் இருந்தால் அதுவே போதும். டொக்கர் திறக்கும் போர்ட்டுகள் யூ.எஃப்.டபிள்யூ. ஃபயர்வோலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். "ஃபயர்வோலில் மூடித்தானே இருக்கிறது" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இப்போது நமக்கே உரிய விஷயம், கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதில் நாடு முழுக்க இருண்டது. வெட்டு இல்லாத காலத்திலும் மழை நாளில் ஒரு நிமிடம் போய் வருவது வழக்கம்தானே. ஆகவே நம் செட்டிங் எல்லாம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நான் வேலையில் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் இது தானாகச் சரியாக எழும்புமா?

பயோஸில் மின்சாரம் திரும்பியதும் தானே ஒன் ஆகும் தெரிவை வையுங்கள். எல்லாச் சேர்விஸுக்கும் ரீஸ்டார்ட் கொள்கையாக 'அன்லெஸ் ஸ்டொப்ட்' போடுங்கள். 'டிபென்ட்ஸ் ஓன்' எழுதியிருக்கிறோம், டேட்டாபேஸ் எழும்பிய பிறகுதான் அப் எழும்பும் என்று நம்ப வேண்டாம். அந்த ஒழுங்கைக் கவனிப்பது கொம்போஸ் கட்டளை மட்டுமே. கணினி பூட் ஆகும்போது கொன்டெய்னர்களை எழுப்புவது பின்னணியில் ஓடும் டொக்கர் டீமன், அது ஒழுங்கு பார்க்காது. டேட்டாபேஸைக் காணாமல் அப் விழுந்தாலும் ரீஸ்டார்ட் கொள்கை அதைத் திரும்ப எழுப்பும், சில தடவைகளில் பிடித்துக்கொள்ளும்.

உண்மையான ஆபத்து யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க். 2022 வெட்டுக் காலத்தில் எனக்கு நடந்தது. கரண்ட் வந்தது, கணினி எழும்பியது, வெளி டிஸ்க் தாமதமாகியது. அதற்குள் டொக்கர் எழும்பி, மவுன்ட் ஆகாத இடத்தில் வெறும் கோப்புறையைக் கண்டு, அதையே உண்மையான டேட்டா என்று எடுத்துக்கொண்டது. பிறகு டிஸ்க் அதன்மேல் மவுன்ட் ஆனது. மூன்று நாள் எங்கள் வீட்டுப் படங்கள் உள்ளே இருந்த சிறிய எஸ்.எஸ்.டி.யில், கண்ணுக்குத் தெரியாத கோப்புறையில் சேர்ந்துகொண்டிருந்தன. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் படங்கள் அவற்றில் இருந்தன. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கிடைத்தன. எஸ்.எஸ்.டி. நிரம்பாததால் எதுவும் போகவில்லை.

இதற்கு இரண்டு காப்பு உண்டு, இரண்டையும் செய்யுங்கள். லினக்ஸில் சேர்விஸ்களைத் தொடக்கும் சிஸ்டம்-டி இல் டொக்கர் சேர்விஸுக்கு ஒரு சிறு துணைக் கோப்பு எழுதி, 'ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபோர்' என்ற வரியில் உங்கள் டிஸ்க்கின் பாதையைக் கொடுங்கள். அந்த மவுன்ட் வரும் வரை டொக்கர் தொடங்காது. இரண்டாவது, டிஸ்க் கழற்றியிருக்கும் நேரத்தில் அந்த வெறும் மவுன்ட் கோப்புறைக்கு 'சாட்டர் +ஐ' கொடுங்கள். அதன் பிறகு டிஸ்க் இல்லாத வேளையில் அங்கே யாராலும், ரூட்டாலும்கூட, எழுத முடியாது. கொன்டெய்னர் எழும்பாமல் நிற்கும். தவறான இடத்தில் எழுதுவதைவிட நின்று போவது எவ்வளவோ மேல். இம்மிச் தன் கோப்புறைகளில் அடையாளக் கோப்புகளை வைத்து, அவற்றைக் காணாவிட்டால் தொடங்க மறுக்கிறது. எல்லா அப்பும் அப்படிச் செய்வதில்லை.

இமேஜ் பதிப்பை எண்ணோடு எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால் ஒருநாள் போஸ்ட்கிரெஸ் அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவும், பழைய டேட்டா கோப்புறையை அது திறக்காது. நெக்ஸ்ட்கிளவுட்டும் பெரிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும், இடையில் தாண்ட முடியாது. லொக் கோப்புகளுக்கு இயல்பில் எல்லை இல்லை, டீமன் செட்டிங்கில் அளவும் எண்ணிக்கையும் போட்டுவிடுங்கள். புதிதாக உருவாகும் கொன்டெய்னர்களுக்குத்தான் அது பொருந்தும்.

போர்டெய்னர் பற்றிக் கேட்டீர்கள். பார்ப்பதற்கும் லொக் வாசிப்பதற்கும் நல்லது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதன் எடிட்டரில் எழுதிய ஸ்டாக் (அங்கே கொம்போஸ் கோப்புக்குப் பெயர்) அதன் சொந்த வொல்யூமுக்குள் போய்விடும். அதில் ஒரு கொன்டெய்னரைத் தனியாகத் திறந்து மாறியைத் திருத்தினால், ஓடுவது ஒன்று, உங்கள் கோப்பில் இருப்பது வேறொன்று என்றாகும். அடுத்த தடவை கொம்போஸ் அந்தக் கொன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போது திருத்தம் போய்விடும். எல்லா அப்பின் கொம்போஸ், ஓவர்ரைட், கொன்ஃபிக் கோப்புகளையும் ஒரே கோப்புறை மரத்தில் வைத்து கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் புரோகிராம்) போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். என்வ் கோப்பை மட்டும் கிட்டில் சேர்க்காமல் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள்.

இன்றிரவே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த அப்டேட்டுக்கு முன், மிச்சக் கொன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் 'டொக்கர் டிஃப்' கொடுத்துப் பாருங்கள். இமேஜில் இல்லாமல் அந்த மெல்லிய அடுக்கில் சேர்ந்ததையும் மாறியதையும் வரி வரியாகக் காட்டும். முன்னால் ஏ என்றால் சேர்த்தது, சி என்றால் மாறியது, டி என்றால் நீக்கியது. தற்காலிகக் கோப்புகள் நிறைய வரும், அவற்றை விட்டுவிடுங்கள். நீங்கள் எப்போதோ உள்ளே போய்த் திருத்தி மறந்த கோப்பு ஏதும் கண்ணில் பட்டால், அது இன்னும் உயிரோடு இருக்கும்போதே 'டொக்கர் சி.பி.' கொடுத்து வெளியே எடுத்து வையுங்கள். ஜெலிஃபினிலிருந்து தொடங்குங்கள். அதில் தமிழ் சப்டைட்டிலுக்காக எழுத்துரு ஏதும் உள்ளே போட்டிருந்தால் அதுவும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது.